ஓடும் ரூக்கி குவாட்டர்பேக்கை முழுசாகக் கரை சேர்ப்பது எப்படி?

அமெரிக்கக் கால்பந்தில், பந்தை எறிந்து அணியின் தாக்குதலை நடத்தும் குவாட்டர்பேக்குக்கு இரண்டு விதமாக அடி விழும். பந்தை எறியப் பின்வாங்கி நிற்கும்போது விழுவது ஒன்று. பந்தை அணைத்துக்கொண்டு தானே ஓடும்போது விழுவது இன்னொன்று. காலில் வேகம் உள்ள பையனுக்கு இரண்டும் சேர்ந்தே விழும். அவன் கல்லூரியிலிருந்து நேரே என்.எஃப்.எல். என்ற தொழில்முறைப் போட்டிக்கு வந்த ரூக்கி, அதாவது முதல் ஆண்டுப் புதுமுகம் என்றால் கேட்கவே வேண்டாம். கல்லூரியில் தன்னைப் பிடிக்க முடியாதவர்களைப் பார்த்தே பழகியவன் அவன். இங்கே எதிரணியின் தடுப்பாட்டக்காரனான 110 கிலோ லைன்பேக்கர் அவனுக்குச் சமமாக ஓடி வருவான்.

நான் வர்ஜீனியாவுக்கு வந்த பிறகுதான் இந்த ஆட்டத்தைப் பார்க்கத் தொடங்கினேன். முதலில் மனசில் பதிந்தவர் 2012இல் அணிகள் கல்லூரி ஆட்டக்காரர்களை வரிசையாகப் பொறுக்கும் தேர்வில் வாஷிங்டன் அணி இரண்டாவது ஆளாகத் தேர்ந்தெடுத்த ராபர்ட் கிரிஃபின். எறிந்தது 3,200 யார்டு, ஓடியது 815 யார்டு. அதுவரை எந்த ரூக்கி குவாட்டர்பேக்கும் அவ்வளவு ஓடியதில்லை. சிறந்த புதுமுக ஆட்டக்காரர் விருதும் வாங்கினார். அந்தப் பருவம் முடிவதற்குள் வலது முழங்கால் போய்விட்டது, அதன்பிறகு அந்தப் பழைய கிரிஃபினை யாரும் பார்க்கவில்லை. 2024இல் அதே அணி அதே இரண்டாவது இடத்தில் ஜெய்டன் டேனியல்ஸை எடுத்தது. அவர் 891 யார்டு ஓடி கிரிஃபினின் சாதனையை முறித்தார். ஊரே கைதட்டியது, கூடவே வயிற்றில் நெருப்பையும் கட்டிக்கொண்டது. சூடு கண்ட பூனை இல்லையா.

இப்படி ஒரு பையன் என் கையில் கிடைத்தால் எதை முதலில் செய்வேன், எதை அடுத்துச் செய்வேன் என்ற வரிசையில் எழுதுகிறேன். பள்ளி அணியில் பிள்ளையை விட்டிருக்கும் பெற்றோருக்கும் இதில் பாதிக்கு மேல் பொருந்தும்.

முதல் படி: அடிக்கு ஒரு கணக்கு நோட்டு

"இவனை ஓட விடாதே" என்றுதான் எல்லோரும் ஆரம்பிப்பார்கள். எந்த அடி எங்கிருந்து வந்தது என்று பார்க்காமல் ஓட்டத்தை நிறுத்துவது, காய்ச்சல் எதனால் என்று தெரியாமல் மாத்திரை போடுவது மாதிரி. ஆட்டம் முடிந்த மறுநாள் வீடியோவைப் போட்டு, அவன் தரையைத் தொட்ட ஒவ்வொரு முறையையும் எழுதுங்கள். பந்து கையில் இருக்கும்போதே, காவலர்கள் சூழ்ந்து காக்கும் பாக்கெட்டுக்குள் வீழ்த்தப்பட்டானா? அது சாக். எறிந்து முடித்த பிறகு விழுந்த அடியா? பயிற்சியாளரே சொல்லிக் கொடுத்த ஓட்டமா? எறிய ஆள் கிடைக்காமல் அவனாகக் கிளம்பிய ஓட்டமா? ஐந்தாவதாக ஒரு பத்தி விடுங்கள்: ஓடியும் அடி வாங்காமல் தப்பியவை. சறுக்கிப் படுத்தது, கோட்டைத் தாண்டி வெளியே போனது எல்லாம் அங்கே வரும். பருவம் போகப் போக வளர வேண்டியது அந்தப் பத்திதான்.

நோட்டு எழுதினால் ஒரு விஷயம் சீக்கிரம் பிடிபடும். ஓடும்போது, யார் எங்கிருந்து வருகிறான் என்று ஓடுகிறவனுக்குத் தெரியும்; உடம்பு தயாராகிவிடும். பாக்கெட்டுக்குள் கண் நாற்பது யார்டுக்கு அப்பால் இருக்கும், ஒரு கால் தரையில் ஊன்றியிருக்கும், ஆள் முதுகுப் பக்கமிருந்து வருவான். 2020 நவம்பரில் சின்சினாட்டியின் ரூக்கி ஜோ பரோவுக்கு முழங்கால் தசைநார்கள் கிழிந்தது பாக்கெட்டுக்குள் நின்று எறியும்போது. 2019இல் 1,206 யார்டு ஓடி குவாட்டர்பேக்குகளிலேயே யாரும் தொடாத உயரத்தைத் தொட்ட லமார் ஜாக்சனுக்கு 2022இல் முழங்காலில் அடிபட்டதும் ஓட்டத்தில் இல்லை, பாக்கெட்டுக்குள் சாக் ஆனபோது. அந்தப் பருவத்தில் அப்புறம் அவர் களம் இறங்கவே இல்லை.

இரண்டாம் படி: முன்னால் நிற்கும் ஐந்து பேர்

2002இல் ஹூஸ்டன் டெக்ஸன்ஸ் என்ற புது அணி முதல் ஆளாக டேவிட் காரை எடுத்தது. அவருக்கு முன்னால் காவலுக்கு நிறுத்திய ஐவர் வரிசை ஓட்டைச் சல்லடை. ஒரே பருவத்தில் 76 சாக். இன்றுவரை அந்த எண்ணிக்கையை யாரும் தாண்டவில்லை, தாண்ட விரும்பவும் மாட்டார்கள். 2024இல் சிகாகோவின் ரூக்கி கேலெப் வில்லியம்ஸ் 68 முறை விழுந்தார். அடுத்த ஆண்டே சிகாகோ நடு வரிசைக்கு மூன்று பேரைப் புதிதாகக் கொண்டுவந்தது: நட்ட நடுவில் நின்று பந்தைப் பின்னால் கொடுக்கும் சென்டர் ஒருவர், அவருக்குப் பக்கத்தில் நிற்கும் கார்டு இருவர். பயிற்சியாளரையும் மாற்றியது. சாக் பாதிக்கும் கீழே இறங்கியது.

வரிசையின் இரு ஓரத்திலும் நிற்பவர்கள் டேக்கிள்கள். வலது கைக்காரனுக்கு முதுகுப் பக்கத்தைக் காக்கும் லெஃப்ட் டேக்கிளைத்தான் எல்லோரும் கொண்டாடுவார்கள். ரூக்கிக்கு அதைவிட அவசரமாகத் தேவைப்படுவது அனுபவசாலி சென்டர் என்பது என் கட்சி. எதிரணியில் யார் பாய வருவான், யார் சும்மா பாசாங்கு செய்கிறான் என்று பார்த்து, ஸ்னாப்புக்கு, அதாவது பந்தைப் பின்னால் கொடுத்து ஆட்டத்தைத் தொடங்குவதற்கு முன்னால் "அவனை நீ பிடி, இவனை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று பங்கு பிரிப்பது சென்டரின் வேலை. முதல் ஆறு மாதம் அந்தச் சுமையை ரூக்கியின் தலையில் ஏற்றாதீர்கள். வரிசை ஓரத்தில் நிற்கும் டைட் எண்டும், பந்தோடு ஓடுவதே வேலையான ரன்னிங் பேக்கும் ஓடிப்போகும் முன் ஓரத்து ஆளை ஒரு இடி இடித்துவிட்டுப் போகட்டும். அரை வினாடி மிச்சமானாலும் லாபம்.

வரிசை தேறவில்லை என்றால் பையனை உட்காரவைப்பதற்கும் கூச்சப்படாதீர்கள். பேட்ரிக் மஹோம்ஸ் 2017 முழுக்க அலெக்ஸ் ஸ்மித்துக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார், கடைசி ஆட்டத்தில் மட்டும்தான் இறங்கினார். அவர் கெட்டுப்போகவில்லை.

மூன்றாம் படி: பந்தைக் கையை விட்டு அனுப்பு

வேகக்காலனின் பெரிய எதிரி அவனுடைய வேகமே. கல்லூரியில் எத்தனை முறை மாட்டினாலும் கால் காப்பாற்றிவிட்டது. அதனால் பந்தை வைத்துக்கொண்டே நிற்பான், இன்னும் ஒருவன் காலியாவான் என்று காத்திருப்பான். ஸ்னாப்பிலிருந்து இரண்டரை வினாடிக்குள் பந்து போய்விட்டால் எவ்வளவு பெரிய ஆளும் அவனை ஒன்றும் செய்ய முடியாது. மூன்றரை வினாடி ஆனால் எவ்வளவு நல்ல வரிசையும் உடையும்.

பயிற்சியில் ஒருவர் கடிகாரத்தோடு நிற்கட்டும், மூன்று வினாடியில் விசில். அதற்குப் பிறகு எறிந்து டச் டவுன் ஆனாலும், அதாவது பந்து எதிரணியின் கோல் கோட்டைத் தாண்டிப் புள்ளி கிடைத்தாலும், செல்லாது. எதிரணி கூட்டமாகப் பாயும்போது உடனே திரும்பிப் பந்து வாங்கும் ஆள் யார் என்பது ஒவ்வொரு ப்ளேயிலும் (ஸ்னாப் முதல் ஆட்டம் நிற்கும்வரை ஒரு ப்ளே) முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். பந்தை வேண்டுமென்றே வெளியே எறிவதையும் தனியாகப் பழக்குங்கள். டேக்கிள் நின்ற இடத்துக்கு வெளியே வந்துவிட்டு, பந்து ஆட்டம் தொடங்கிய கோடு வரை போனால் போதும், அபராதம் இல்லை. பெருமைக்காரப் பையனுக்கு இது தோல்வி மாதிரி இருக்கும். கணக்கு நோட்டில் அதையும் ஐந்தாவது பத்தியில் எழுதிக் காட்டுங்கள்.

நான்காம் படி: எந்த ஓட்டம் இருக்கலாம், எது கூடாது

ஓட்டத்தை அடியோடு எடுத்துவிட்டால் அந்தப் பையனை எதற்கு எடுத்தோம்? 2012 அக்டோபர் 7ஆம் தேதி அட்லாண்டாவோடு ஆடும்போது கிரிஃபினுக்குத் தலையில் அடிபட்டு மூளை அதிர்ச்சி. சரியாக ஒரு வாரம் கழித்து மினசோட்டாவுக்கு எதிராக 76 யார்டு ஓடி டச் டவுன் போட்டார். அந்தக் காலைக் கட்டிப்போடு என்று எந்த மைதானத்தில் போய்ச் சொல்வீர்கள்?

ஓரத்தில் ஓடுவது இருக்கட்டும், பக்கக் கோடு அவனுக்கு நண்பன். டேக்கிள்களுக்கு நடுவே நேராக மோதும் ஓட்டங்களை முதல் ஆண்டு ஆட்டத் திட்ட அட்டையிலிருந்தே எடுத்துவிடுங்கள். ஒரு யார்டுதானே என்று குவாட்டர்பேக்கையே நடுவில் முட்டச் சொல்வதையும் குறையுங்கள். 2019இல் மஹோம்ஸுக்கு முழங்கால் சில்லு நழுவியது அப்படி ஒரு குட்டி முட்டலில்தான்.

ரீட் ஆப்ஷனில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஓரத்து டிஃபெண்டரை யாரும் தடுக்காமல் விட்டுவிட்டு, அவன் ரன்னிங் பேக் பக்கம் சாய்ந்தால் குவாட்டர்பேக் பந்தை வைத்துக்கொண்டு ஓடுவதும், சாயாவிட்டால் பந்தைக் கொடுத்துவிடுவதும் இந்த உத்தி. கொடுத்த பிறகும் ஓடுவது போல் நடித்தால் அவனை ஓட்டக்காரனாகவே விதி பார்க்கும். பந்து இல்லாதவனையும் இடித்துத் தள்ளலாம். எறிபவனுக்கு உள்ள காலைத் தாக்கக் கூடாது, முழு எடையோடு மேலே விழக் கூடாது என்ற கவசமெல்லாம் அங்கே கிடையாது. அதனால் பந்தைக் கொடுத்ததும் இரண்டு எட்டு பின்னால் போய், வெறும் கைகளை உயரத் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள். நடிப்பு குறையும், விலா மிஞ்சும்.

கோல் கோட்டுக்குப் பக்கத்தில் தான் பையன்கள் கெடுவது. 2023இல் இண்டியானாபொலிஸின் ரூக்கி ஆண்டனி ரிச்சர்ட்சன் டச் டவுனுக்குள் நுழையும்போது வேகத்தைக் குறைத்தார், இடி வாங்கித் தலை தரையில் பட்டு மூளை அதிர்ச்சி. மூன்று வாரம் கழித்து இன்னொரு ஓட்டத்தில் எறியும் தோள் போனது, அறுவை சிகிச்சை. நான்கு ஆட்டத்தோடு பருவம் முடிந்தது. கோடு தாண்டி, பந்தை நடுவரிடம் கொடுக்கும்வரை ஓட்டம் முடியவில்லை என்று சொல்லி வையுங்கள்.

ஐந்தாம் படி: சறுக்கு

இந்தப் படிக்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும், அதிகம் புறக்கணிக்கப்படுவதும் இதுதான். காரணம் எளிது: பயிற்சியில் குவாட்டர்பேக்குக்குத் தனி நிறச் சட்டை போட்டு, தொடக்கூடாது என்று சொல்லிவிடுவார்கள். யாரும் அடிக்காத இடத்தில் சறுக்க வேண்டிய அவசியம் எங்கே வரும்? பையன் முதல் முறை சறுக்கிப் பார்ப்பது 70,000 பேர் முன்னால், எதிரணியின் கடைசிக் காவலனான சேஃப்டி ஒருவன் எதிரே பாய்ந்து வரும்போது.

விதி தெளிவாக இருக்கிறது. ஓடுகிறவன் காலை முன்னால் நீட்டிச் சறுக்கினால் ஆட்டம் அந்தக் கணமே நிற்கும், அவனை அடித்தால் 15 யார்டு அபராதம். ஆனால் இரண்டு கொக்கி உண்டு. ஒன்று, சறுக்கத் தொடங்கிய இடம்தான் கணக்கு. சறுக்கிப் போய் நின்ற இடம் இல்லை. அதனால் கூடுதல் யார்டுக்காகக் கடைசி நொடியில் சறுக்குவதில் லாபமே கிடையாது. இரண்டு, தாமதமாகச் சறுக்கினால், ஏற்கெனவே பாய்ந்துவிட்ட டிஃபெண்டரைக் குற்றம் சொல்ல முடியாது; தலையிலோ கழுத்திலோ இடித்தால் தவிர. அட்லாண்டா ஆட்டத்தில் கிரிஃபின் பந்தை வெளியே எறிந்திருக்கலாம், கோட்டைத் தாண்டி வெளியே போயிருக்கலாம். இரண்டையும் விட்டுவிட்டுத் தாமதமாகக் கீழே போனார். தலையை முன்னால் விட்டுப் பாய்வது அதைவிட மோசம். 2024 செப்டம்பரில் மயாமியின் டுவா டகோவய்லோவா அப்படித்தான் எதிராளி மேல் போய் மோதி, மறுபடியும் மூளை அதிர்ச்சிக்கு ஆளானார்.

எங்கள் பகுதிப் பள்ளி ஒன்றில் நண்பரின் மகன் குவாட்டர்பேக். போன கோடையில் அவனை அழைத்து வரப் போனபோது, மைதானத்து ஓரத்தில் நீலத் தார்ப்பாய் விரித்திருந்தார்கள். மேலே குழாய்த் தண்ணீர், பாத்திரம் கழுவும் சோப்பு. உதவிப் பயிற்சியாளர் கையில் பஞ்சு மெத்தைப் பலகையோடு எதிரே நிற்கிறார், அவருக்கு ஐந்து யார்டு முன்னால் ஆரஞ்சு கூம்பு ஒன்று. கூம்பைத் தொடுவதற்குள் பையன் தரையில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மெத்தையால் ஒரு சாத்து. முதல் பத்து முறை எல்லாப் பையன்களும் ஒரே தப்பைச் செய்தார்கள்: விழும்போது கை தானாகப் பின்னால் போய்த் தரையில் ஊன்றியது. மணிக்கட்டும் முழங்கையும் போவது அப்படித்தான். பயிற்சியாளர் ஆளுக்கு ஒரு பந்தைக் கொடுத்து, இரண்டு கையாலும் மார்போடு கட்டிக்கொள்ளச் சொன்னார். அதற்கப்புறம் ஊன்றக் கை இல்லை. ஒரு காலை மடித்து அடியில் வைத்து, மற்றதை நீட்டி, பின்தொடையில் இறங்கி, தாடையை நெஞ்சோடு ஒட்டிக்கொண்டு சறுக்கினார்கள். அரை மணி நேரத்தில் எல்லாச் சட்டையிலும் நுரை. கடைசியில் தார்ப்பாயை எடுத்துவிட்டு வெறும் புல்லில் செய்யச் சொன்னார். ஈரத் தார்ப்பாயில் வழுக்கும் காலணி ஆணி, புல்லில் மாட்டும். மாட்டினால் கணுக்கால் திருகும். நீட்டிய காலின் குதிகாலைச் சற்றுத் தூக்கி வைக்கப் பழகினால்தான் அது நிற்கும்.

அதே பையனின் ஆட்டத்தை அக்டோபரில் பார்த்தேன். அழகாகச் சறுக்கினான். பக்கக் கோட்டில் நின்ற இன்னொரு பயிற்சியாளர், "இன்னும் ஒரு யார்டு இருந்ததேடா!" என்று கத்தினார். கோடை முழுக்கச் செய்த வேலை அந்த ஒரு வாக்கியத்தில் கரைந்தது. அடுத்த முறை பையன் சறுக்கவில்லை, தோளைக் கொடுத்தான். சறுக்கைக் கற்றுக்கொடுக்கிறவர், அது நடந்த பிறகு கைதட்டவும் வேண்டும்.

ரஸல் வில்சன் பேஸ்பால் ஆடியவர், சிறு வயதிலிருந்தே தரையில் சறுக்கிப் பழகியவர். ஆறடிக்கும் குறைவான அந்த மனிதர் 2012இல் தொடங்கி 2021இல் விரல் உடையும்வரை 149 ஆட்டம் தொடர்ந்து தொடக்க ஆட்டக்காரராக இறங்கினார். நம் கபடியில் பாடிப் போகிறவனுக்குப் புள்ளி எடுப்பதைப் போலவே நடுக்கோட்டுக்குத் திரும்பி வருவதும் ஆட்டம். அந்தப் புத்தி வில்சனுக்கு இருந்தது.

ஆறாம் படி: உடம்பும் உடுப்பும்

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் கடைக்காரர்கள் மீதியைச் சொல்லிவிடுவார்கள். விலாக் கவசம் கட்டாயம். 2024 அக்டோபரில் டேனியல்ஸ் 46 யார்டு ஓடிய தொடர் முடிந்ததும் விலா வலியோடு வெளியேறினார். குவாட்டர்பேக்குக்கென்றே செய்த ஹெல்மெட் 2023இலிருந்து கிடைக்கிறது. பின்மண்டை தரையில் மோதுவதை மனதில் வைத்துச் செய்தது. கழுத்துக்கும் பின்தொடைக்கும் உடற்பயிற்சி வேண்டும். சதை போட்டால் அடி தாங்கும் என்று பத்து கிலோ ஏற்றாதீர்கள். அவனைக் காப்பது அந்த முதல் எட்டின் வேகம், அது போய்விடும்.

ஏழாம் படி: வெளியே எடுக்கும் அதிகாரம் யாருக்கு?

தலையில் அடிபட்டால் இன்று என்.எஃப்.எல்.லில் ஒழுங்கு இருக்கிறது. அணியைச் சேராத நரம்பியல் மருத்துவர் பார்ப்பார், ஐந்து கட்டம் தாண்டித்தான் திரும்ப முடியும். 2022இல் டுவா தடுமாறியதைப் பார்த்த பிறகு, உடல் நிலை தள்ளாடினாலே அன்று மறுபடி இறங்கக் கூடாது என்று சேர்த்தார்கள். முழங்காலுக்கு அப்படி ஒரு ஏற்பாடு இல்லை. அங்கே பையன், பயிற்சியாளர், அணியின் மருத்துவர் மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

2012 டிசம்பர் 9. பால்டிமோரோடு ஆட்டம் முடியும் தறுவாயில் கிரிஃபின் ஓடிக் கீழே விழும்போது 150 கிலோ எடையுள்ள ஹலோட்டி ங்காட்டா காலில் மோதினார். அதே வலது முழங்கால் கல்லூரியில் 2009இல் ஏற்கெனவே கிழிந்தது. ஒரு ப்ளே வெளியே இருந்துவிட்டுக் கிரிஃபின் நொண்டிக்கொண்டே திரும்பி வந்தார். மருத்துவர் பார்த்துச் சரி சொன்னார் என்றார் பயிற்சியாளர். தன்னைப் பார்க்கவே விடவில்லை என்று மருத்துவர் பிறகு சொன்னார். கடைசியில் கிரிஃபின் வெளியேற, அதே ஆண்டு நான்காம் சுற்றில் எடுத்த கர்க் கசின்ஸ் இறங்கிச் சமன் செய்தார், அணி கூடுதல் நேரத்தில் வென்றது. அடுத்த வாரம் கிளீவ்லாந்தில் கசின்ஸே ஆடி வென்றார். மாற்று ஆள் இல்லை என்று யாரும் சாக்குச் சொல்ல முடியாது.

2013 ஜனவரி 6, சியாட்டிலோடு நாக்அவுட். முதல் கால் பகுதியிலேயே கிரிஃபின் நொண்டினார். வாஷிங்டன் 14-0 முன்னிலை. வலிக்கிறது, ஆனால் காயம் இல்லை என்று கிரிஃபின் சொன்னதாகவும், அதை நம்பியதாகவும் பயிற்சியாளர் மைக் ஷனஹன் ஆட்டம் முடிந்ததும் சொன்னார். இருபத்திரண்டு வயதுப் பையன் வேறு என்ன சொல்வான்? நான்காம் பகுதியில் ஸ்னாப் தாழ்வாக வந்தது. எடுக்கக் குனிந்தார், முழங்கால் மடங்கியது. அந்த நொடியில் அவரை யாரும் தொடவில்லை. தசைநார் இரண்டு கிழிந்திருந்தது, மூன்று நாளில் அறுவை சிகிச்சை.

வலியோடு ஆடுவதெல்லாம் தப்பில்லை என்பதையும் சொல்ல வேண்டும். விலா வலித்த டேனியல்ஸ் அடுத்த வாரமே 52 யார்டு கடைசி எறிதலில் சிகாகோவை வென்றார். விலா வலியும் தளர்ந்த தசைநாரும் ஒன்றல்ல. முன்னது தாங்க வேண்டியது, பின்னது ஒவ்வொரு எட்டிலும் இன்னும் கிழிவது. நேரமும் பார்க்க வேண்டும். 2025 நவம்பரில் அதே சியாட்டிலிடம் 38-7 என்று பின்தங்கி நான்காம் பகுதி ஓடிக்கொண்டிருக்கும்போது டேனியல்ஸ் இன்னும் களத்தில் இருந்தார். இடது முழங்கை பிசகியது. பொறுப்பு என்னுடையது என்று பயிற்சியாளர் டான் குவின் ஒப்புக்கொண்டார்.

எனவே பருவம் தொடங்கும் முன் ஒரு தாளில் மூன்று வரி எழுதிவிடுங்கள். முதல் வரியில், வெளியே எடுக்கும் அதிகாரம் உள்ள ஒரே ஒருவரின் பெயர். அது தலைமைப் பயிற்சியாளராக இருக்கக் கூடாது. இரண்டாவதில், காலில் அடிபட்டால் திரும்பும் முன் பக்கக் கோட்டில் செய்து காட்ட வேண்டியவை: நேர் ஓட்டம், இரு பக்கமும் வெட்டித் திரும்புதல், ஒற்றைக் காலில் குதித்தல். நொண்டினால் அன்றைய ஆட்டம் முடிந்தது. மூன்றாவதில், எத்தனை புள்ளி வித்தியாசத்தில், எத்தனை நிமிடம் மிச்சமிருக்கும்போது மாற்று ஆள் இறங்குவார் என்ற எண்கள். அந்த மாற்று ஆளுக்கு வாரா வாரம் முதல் அணியோடு கொஞ்சமாவது பயிற்சி கொடுத்து வையுங்கள், இல்லாவிட்டால் மூன்றாவது வரியை நீங்களே அமல்படுத்த மாட்டீர்கள்.

தாளின் கீழே ரூக்கியின் கையெழுத்துக்கும் இடம் விடுங்கள். ஆகஸ்ட்டிலேயே வாங்கிவிடுங்கள், டிசம்பரில் கேட்டால் போட மாட்டான்.